நீலக்கோடு, சிவப்புக்கோடு

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாங்கிய கருப்பட்டிப் பொட்டலம் ஒன்றோடு எட்டாம் வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு அதுதான் ஆங்கிலப் பாடம். உறையில் ஒரு பக்கம் எடை, விலை, பொதிந்த தேதி. இன்னொரு பக்கம் 'பியூர்', 'நேச்சுரல்', 'டிரெடிஷனல்'. சரிபார்த்துக்கொள்ளக் கூடிய சொல்லுக்கு அடியில் நீலப் பென்சிலால் கோடு. நம்மை மடக்கப் பார்க்கிற சொல்லுக்குச் சிவப்பு. தகவல் சொல்லும் எழுத்து, இணங்க வைக்கும் எழுத்து என்று பயிற்சிகளில் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நான் சொன்னது நீலம், சிவப்பு, அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். பனையேறி வீட்டுப் பிள்ளை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு கட்டியைத் தரையில் தட்டி உடைத்தான். "சார், உள்ள மினுமினுங்குது பாருங்க. சீனி போட்டுக் காய்ச்சுனது. எங்கம்மா சிரட்டையில ஊத்துறது இப்படி மினுங்காது." 'பியூர்' என்ற சொல்லுக்கு இரண்டு சிவப்புக்கோடு போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தான். ஆங்கிலத்தில் அவன் தட்டுத்தடுமாறி வாசிப்பவன்.

தன் பிழைப்பைப் பற்றி வேறொருவன் ஆங்கிலத்தில் எழுதியதை இந்த வட்டாரத்துக்காரன் உடைத்துப் பார்ப்பது அது முதல் தடவையல்ல.

கிறிஸ்தவ மிஷனரி கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியது 1856-இல். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1849-இல், இந்தத் தேரிக்காட்டில் பனையை நம்பி வாழ்ந்த நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் போட்டார். அதை எடுத்து இரண்டு பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள். பனையேற்றம், பதநீர், கருப்பட்டி, கோயில் கொடையில் ஆடுகிற சாமியாட்டம் என்று நீலத்துக்கு வேலை நிறைய இருக்கும். ஊரில் இருந்து பார்த்த மனிதர். பார்த்ததை எழுதத் தெரிந்தவர். ஆனால் அந்த வரிகளின் முதுகில் ஏறிக்கொண்டு வேறு வரிகள் வருகின்றன. இந்த மக்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், புத்தியில் மந்தமானவர்கள், ஒழுக்கத்தில் தாழ்ந்தவர்கள் என்கிற தீர்ப்புகள். பனையைப் பற்றிச் சொன்னது சரியாக இருக்கிறதே, மனிதரைப் பற்றிச் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும் என்று வாசிப்பவர் நம்பிவிடுவார். வாசிப்பவர் யார்? பெரும்பாலும் இங்கிலாந்தில் இருக்கும் திருச்சபைக்காரர்கள். மிஷன் நடப்பது அவர்கள் போடும் காணிக்கையில். இருட்டு எவ்வளவு கனமோ அவ்வளவு விளக்கெண்ணெய் வந்து சேரும். பொய் எழுத வேண்டும் என்று அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். கேட்பவர் எதைக் கேட்டால் இளகுவாரோ அந்தப் பக்கமாகப் பேனா சாய்ந்திருக்கிறது.

வேடிக்கை இனிமேல்தான். அதே மிஷன்காரர்கள்தான் இங்கே பள்ளிக்கூடமும் திறந்தார்கள். சாயர்புரத்தில் 1840-களில் ஜி.யு. போப் தொடங்கியதும் அப்படி ஒன்றுதான். யாரைப் பற்றிப் புத்தகம் எழுதினார்களோ அவர்களுக்கே ஆங்கிலம் வந்துவிட்டது. மூக்குப்பீறியில் உபதேசியாராக இருந்த சட்டாம்பிள்ளை மிஷனோடு முறித்துக்கொண்டு, 1857-இல் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச்சபையே கண்டார். அவரைக் கொதிக்க வைத்தவற்றில் கால்டுவெல்லின் அந்த நூலும் ஒன்று. 1880-களில் படித்த நாடார்கள் மறுப்பு நூல்கள் எழுதினார்கள், மனுமேல் மனுப் போட்டார்கள். எந்த வாக்கியத்துக்குச் சான்று உண்டு, எது வெறும் ஏச்சு என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் இந்தப் பாடத்தை முதலில் எழுதிய மாணவர்கள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன். கால்டுவெல்லைத் தூக்கிப் போட்டுவிட எனக்கு மனம் வராது. இடையன்குடிக் கோயிலின் மணியோசையை நின்று கேட்டவன் நான். அதற்காக அந்த 1849-ஐ நீலத்தில் சேர்க்கவும் முடியாது.

சிவப்பெல்லாம் வஞ்சகம் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாதே என்று, தூத்துக்குடிக் கப்பலையும் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். 1906 அக்டோபரில் வ.உ.சி. பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி: மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு 40,000, ஒரு பங்கு 25 ரூபாய். அத்தனையும் எண்; எல்லாரும் நீலப் பென்சிலை எடுத்தார்கள். ஒரு பெண் மட்டும், "ஏன் சார் 25? ஆயிரம்னு வச்சா சீக்கிரம் சேருமே?" என்றாள். அதுதானே கேள்வி. சின்னக் கடைக்காரரும் பங்குதாரராக வேண்டும் என்றுதான் அந்த 25. எண்ணே ஆளைக் கூப்பிடுகிறது. எதிர்க் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. குடைகூட இலவசமாகக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு ரூபாய்க் கட்டணம் என்ற அறிவிப்பைத் தகவல் என்பதா, தூண்டில் என்பதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணியடிக்கும்வரை கத்தியது. நானும் தீர்ப்புச் சொல்லவில்லை.

எழுபதுகளில் நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது இந்தக் கத்தலுக்கு இடமே கிடையாது. ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து ஐந்து கேள்வி கேட்பார்கள். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது, மார்க் வந்துவிடும். பத்தியை எழுதியது யார், யாருக்காக எழுதினார் என்று கேட்டால் அதிகப்பிரசங்கி. நானே வேலைக்குச் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடம் அந்த வித்தையைத்தான் கற்றுக்கொடுத்தேன். 2011-இல் சமச்சீர்ப் புத்தகம் வந்தது. 2018-லிருந்து கியூஆர் கட்டம் போட்ட புதுப் புத்தகங்களும் வந்தன. விளம்பரம், அறிவிப்பு, சுவரொட்டி எல்லாம் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. பரீட்சை என்று வந்தால் பழைய வித்தைதான் இன்னும் மார்க் வாங்குகிறது.

கப்பல் பாடம் முடிந்த மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையைச் சுற்றிக் கூட்டம். வருடத் தொடக்கத்தில், பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று பலகையின் மேல் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அழிக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்: 'இங்கிலீஷ் இஸ் ஈஸி'. யாரோ அதன் அடியில் சிவப்புச் சாக்பீஸால் இழுத்திருந்தார்கள். கோடு நல்ல நேர்க்கோடு. ஸ்கேல் வைத்து இழுத்திருக்க வேண்டும்.