தைக்காட்டுப் பந்தி

தைக்காடு சுடுகாட்டை ஒட்டி ஒரு சிவன் கோயில் இருக்கிறது. 1909-இல் சமாதியான தைக்காடு அய்யாவு சுவாமிகள் அங்கேதான் அடங்கியிருக்கிறார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, இந்த ஊரில் முதலில் சொந்தமாகத் தோன்றிய மனிதர் அவர்தான். தமிழர், சோறு போட்டே சண்டை பிடித்தவர்.

சண்டை யாரோடு என்றால், ஊட்டுப்புரைகளைச் சொல்லவேண்டும். திருவிதாங்கூர் அரசு ஊர்ப்பணத்தில் பிராமணர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்ட இடங்கள் அவை. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கொருமுறை 56 நாள் வேதம் ஓதும் முறைஜெபம் நடக்கும்போது ஊட்டு இன்னும் தடபுடல். அந்த அரிசியை விளைவித்த புலையர் வாசலில்கூட நிற்கமுடியாத காலம் அது.

முதல் எதிர்ப்பு எங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தது. சுவாதித்திருநாள் அரசு 1830களின் கடைசியில் சிறைவைத்த அய்யா வைகுண்டர், சுவாமித்தோப்பில் எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு, ஒரே பந்தி என்று வைத்தார். அப்போது அதுவும் திருவிதாங்கூர்தான்.

அய்யாவு செய்தது தலைநகரின் நடுவில். பிரிட்டிஷ் ரெசிடென்ட் மக்கிரிகருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், 1873-இல் தைக்காடு ரெசிடென்சிக்கு மேலாளராக வந்தார். இன்றைய அரசு விருந்தினர் மாளிகைதான் அந்த ரெசிடென்சி. தைப்பூசத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டு ஒரே வரிசையில் இலை போட்டார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் சீர்திருத்தத் துறவிகளான சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும். புலையர் தலைவர் அய்யன்காளியும் அந்தப் பந்தியில் பிராமணர்களோடு உட்கார்ந்தார். எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று சாதிக்குச் சாதி கணக்கு வைத்திருந்த ஊரில், முழங்கை இடிக்க உட்காருவது சின்ன விஷயமா? மேல்சாதிக்காரர்கள் அய்யாவுவைச் சாதிப்பெயர் சொல்லித் திட்டினார்கள். பந்தி நிற்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சமைக்கிறவளுக்குத் தெரியும், தீட்டு இலையில் தொடங்குவதில்லை: தண்ணீர் கோரியது யார், காய் நறுக்கியது யார் என்று அடுப்படியிலேயே தொடங்கிவிடும். 1917 மே 29-இல் கொச்சிப் பக்கம் செறாயில், நாராயண குருவின் சீடர் சகோதரன் அய்யப்பன் எல்லாச் சாதியும் கலந்து உண்ணும் மிச்ரபோஜனம் நடத்தியபோது பரிமாறியது சோறும், பலாக்கொட்டையும் கடலையும் போட்ட கறியும்தான். அந்த எளிய சாப்பாட்டுக்காக அவரைப் ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டில் அண்ணா நினைவு நாளில் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்கள் கேமராவைப் பார்த்துச் சாப்பிடுவதை நான் கேலி செய்வதில்லை, உட்காரவாவது செய்கிறார்களே.

இப்போது இங்கே பொதிச்சோறு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் 2017-இல் தொடங்கிய ‘ஹிருதயபூர்வம்’: வீட்டுக்கு வீடு சொல்லிவைத்து, சமைத்த பொதிகளை வாங்கி நோயாளிகளுக்கும் கூட இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு முறை வந்தால் நானும் இலையை வாட்டிச் சோறு, துவரன், தேங்காய்த் துவையல் வைத்துக் கட்டுவேன். அதே வளாகத்திலுள்ள புற்றுநோய் மையத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தும் நிறையப்பேர் வருகிறார்கள். அவர்களில் யார் கைக்காவது போகும்.

ஆனாலும் பொதியும் பந்தியும் ஒன்றில்லை. பொதியில் கொடுப்பவர் வீட்டிலிருக்கிறார், வாங்குபவர் வரிசையில் நிற்கிறார்; இருவரும் முகம் பார்ப்பதே இல்லை. அய்யாவு கேட்டது அதைவிடக் கடினமானது. நம் வீடுகளில் வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனித் தம்ளர் இன்னும் இருக்கிறதே, அது பொதி கட்டுகிற அதே அடுக்களையில்தான் கவிழ்ந்து கிடக்கிறது.