சுங்கக்காரர் கழுகான கதை

இடைக்கால லண்டன். வெளியூர் வணிகர் சரக்கோடு வந்து இறங்கியதும் கடை விரித்துவிட முடியாது. மூட்டையை அவிழ்த்து அதிகாரியிடம் காட்ட வேண்டும். காட்டியதற்குக் காசும் கட்ட வேண்டும். அந்தத் தீர்வைக்குப் பெயர் 'ஸ்காவேஜ்'. 'பார்' என்று பொருள்படும் ஃபிளெமிஷ் சொல்லொன்று வடபிரான்ஸ் வழியாகக் கடல் தாண்டி வந்ததில் பிறந்தது. ஆங்கில 'ஷோ'வுக்குப் பங்காளி முறை. வசூலித்தவர் 'ஸ்காவேஜர்'. கௌரவமான உத்தியோகம்தான், நகரம் அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டும்வரை.

1419-இல் ஜான் கார்ப்பெண்டர் தொகுத்த லண்டன் நகர விதிநூலான 'லிபர் ஆல்பஸ்', அவர் எடுக்க வேண்டிய உறுதிமொழியைப் பதிந்து வைத்திருக்கிறது. தளவரிசை பழுதாகிக் கிடக்கிறதா, எவராவது தன் வாசலை மட்டும் மேடாக்கி அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருகிறாரா, புகைபோக்கி கல்லால் கட்டப்பட்டிருக்கிறதா, சந்துபொந்துகளில் சாணம் குவிந்திருக்கிறதா என்றெல்லாம் அவர் பார்க்க வேண்டும். காலப்போக்கில் சுங்கம் போனது, புகைபோக்கி போனது, சாணம் மட்டும் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டது. மேற்பார்த்தவரின் பெயர் அள்ளியவருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பெயரில் இன்னும் ஓர் ஒலி சேர வேண்டியிருந்தது.

மெசேஜ் கொண்டுவந்தவர் 'மெசஞ்சர்', பாசேஜில் போனவர் 'பாசஞ்சர்' என்று ஒரு மெல்லின ஒலி அழைக்காமலே இந்தச் சொற்களில் மூக்கை நுழைத்திருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அது ஸ்காவேஜரையும் விட்டுவைக்கவில்லை. அவர் 'ஸ்காவெஞ்சர்' ஆனார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், அழுகியதைத் தின்னும் பிராணிகளும் அதே பெயரை வாங்கிக்கொண்டன. (நம் நாட்டில் அது மனிதர்மேலிருந்து இன்னும் இறங்கவில்லை. மலம் அள்ளவைக்கும் கொடுமையைத் தடைசெய்த 1993, 2013 சட்டங்களின் ஆங்கிலத் தலைப்பிலும் அதுதான்.) வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்குப் பிறகும் அவர் செய்யும் வேலைக்கு ஒரு வினைச்சொல் இல்லை!

17-ஆம் நூற்றாண்டில்தான் யாரோ வாலை நறுக்கி 'ஸ்காவெஞ்ச்' என்று வினையாக்கினார்கள். ஆள் முந்தி, வேலை பிந்தி. முதலில் அதற்குத் தெருவைச் சுத்தம் செய்வது என்றே பொருள். குப்பையைக் கிளறி இரை தேடுவது பிறகு வந்து சேர்ந்த அர்த்தம். அந்த அர்த்தத்துக்குப் பொருத்தமான பறவையொன்று செஞ்சிப் பக்கம் காத்திருந்தது.

1782-இல் வெளியான தன் பயணநூலில் பிரெஞ்சுக்காரர் சொனரா அதைச் 'செஞ்சிக் கழுகு' என்று வர்ணித்தார். அறிவியல் பெயரிலும் 'ஜின்ஜினியானஸ்' என்று ஊர் ஏறியது. செத்ததையும் கழிவையும் தேடித் தின்பதால் இந்தியப் பறவை நூல்கள் அதற்கு வைத்த பெயர் 'ஸ்காவெஞ்சர் வல்ச்சர்'. திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளையில் ஜோடியாக வந்திறங்கி, எதையும் தேடாமல், அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனது இந்த இனம்தான்.