அவதூறும் அரங்கும்: கலைவாணர் வழக்கு நமக்குச் சொல்வது



இந்தப் பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் பாயும் நாஞ்சில் நாட்டில், நாகர்கோவில் ஒழுகினசேரியில், 1908இல் ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர் என்.எஸ். கிருஷ்ணன். சோடா விற்றார், டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார், பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவரைச் சிரிக்க வைத்தவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். ஒரு பத்திரிகையோடு வந்த தகராறு அவரைச் சிறைவரை கொண்டுபோன வரலாற்றை இன்று பேச விரும்புகிறேன்.

1943இல் சென்னையில் லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. நடிப்பை ரசித்துவிட்டு நடித்தவர்களைக் ‘கூத்தாடி’ என்று இளக்காரம் பேசிய சமூகத்தில் அந்தச் சரக்கு நன்றாக விலைபோனது.

பாதிக்கப்பட்ட தியாகராஜ பாகவதர், கிருஷ்ணன், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் உரிமம் ரத்தானது. ஆனால் எழுத்து நிற்கவில்லை; லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற இதழைக் கையில் எடுத்துக்கொண்டார். 1944 நவம்பர் 8 அன்று அவர் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.

மனுக் கொடுத்த மூவருமே கைதானார்கள். பத்திரிகை எழுதியதால் வந்த ஆத்திரமே கொலைக்குக் காரணம் என்றது அரசுத் தரப்பு. நேற்று ஆளுநரிடம் சொன்ன மனக்குறை இன்று கொலைக்கான நோக்கமாகிவிட்டது. 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது, நாயுடு விடுதலையானார். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறுவிசாரணைக்காகச் சென்னைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். சட்டத்தை நாடிப் போனவர்களுக்கே இரண்டு வருடத்துக்கு மேல் சிறைவாசம்!

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, லண்டன்வரை வழக்காட அவர்களிடம் பணமும் பெயரும் இருந்தன. சுடலைமாடன் கொடையில் மகுடம் அடித்து, பெண் வேடமிட்டு ஆடும் கணியான் கூத்துக் கலைஞரைப் பற்றி ஒருவன் அவதூறு எழுதினால், அவர் எந்த ஆளுநரிடம் போவார்? மானநஷ்டச் சட்டம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் வக்கீல் கட்டணம் கட்ட முடிந்தவருக்குத்தான் அது கைகொடுக்கிறது.

இரண்டு, பத்திரிகையை மூடச் சொல்லி அதிகாரத்திடம் கேட்பது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இன்று நமக்குப் பிடிக்காததை மூடும் கை நாளை நம் சிறுபத்திரிகையையும் மூடும். 1994இல் ‘நக்கீரன்’ இதழ் ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தங்களுக்கு அவதூறு வரும் என்று அஞ்சி அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது, வெளியான பிறகு வழக்குப் போடலாம்.

சிறையிலிருந்து வந்த கிருஷ்ணன் கலைக்கே திரும்பினார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள். நந்தனார் தில்லைக்குப் போகத் தவித்தார். கிந்தன் படிக்கப் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான், அதிகாரியாகத் திரும்பி வருகிறான். சேரிப் பிள்ளை நெருப்பில் இறங்க வேண்டாம், பள்ளிக்கூடம் போனால் போதும் என்று ஊரைச் சிரிக்க வைத்தபடியே சொன்னார். நம் கதையை அங்கே நாம் சொல்லவில்லை என்ற விமர்சனம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்தக் கதை இன்னும் நிற்கிறது.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கலைஞரை யாராவது இழிவாக எழுதினால், அவருக்கு வக்கீல் தேடிக் கொடுங்கள். கூடவே அவர் வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். அவரைப் பற்றி மற்றவர் எழுதியது மட்டுமே மிச்சமாக இருக்கக் கூடாது.