தொப்பூர்க் கணவாயும் ஒளியிழையும்: உணரி லாரியில் வேண்டுமா, சாலையில் வேண்டுமா?

ஆட்டையாம்பட்டி இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நடுவே இருக்கும் பேரூராட்சி. கிழக்கே, சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் 44. மேற்கே, சங்ககிரி, கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் 544. கைமுறுக்குக்கும் விசைத்தறிக்கும் பேர்போன இவ்வூரைச் சுற்றியுள்ள சமவெளியின் வாழ்வு பெருமளவு லாரியை நம்பியது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்தின் தலைமையிடமும் நாமக்கல்தான். வாகன வழியறியும் தொழில்நுட்பத்தில் எந்த மாற்றம் வந்தாலும் அதன் பயனும் செலவும் முதலில் இங்கேதான் தெரியும். ஆகவே ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையைக் கொண்டு இயங்கும் ஒளியிழை உணரிகளைப் பற்றிய கேள்வியையும் இந்த மண்ணிலிருந்தே கேட்கலாம்: அக்கருவியை ஒவ்வொரு லாரியிலும் பொருத்துவதா, லாரிகள் ஓடும் சாலையில் பொருத்துவதா? சாலையில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை அரசு எடுத்த வழி முதலாவது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2013 ஜூலையில் ஏவத் தொடங்கிய ஏழு செயற்கைக்கோள் வரிசை 2016 ஏப்ரலில் நிறைவுற்று நாவிக் என்று பெயர் பெற்றது. ஏஐஎஸ் 140 என்ற வாகனத் தரத்தின்படி, செயற்கைக்கோளைக் கொண்டு இருப்பிடம் காட்டும் கருவி 2019 முதல் பயணிகள் பொது வாகனங்களுக்குக் கட்டாயமானது. அபாயகரமான பொருள் ஏற்றும் புதிய சரக்கு வண்டிகளுக்கும் அது வேண்டுமென 2022-ல் அறிவிக்கப்பட்டது. இந்தக் கருவி வண்டி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்பதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை கைபேசிக் கோபுரம் வழியாகத் தொலைவில் உள்ள சர்வருக்கு அனுப்புகிறது. வாங்குவதும் பழுது பார்ப்பதும் உரிமையாளர் பொறுப்பு. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு, தவணை கட்டித் தொழில் நடத்துபவருக்கு அது இன்னொரு செலவுக் கணக்கு. பழைய வண்டிகளில் அது இருக்காது. மலைமடிப்பில் சிக்னல் விட்டுப்போனால், இருக்கும் கருவியும் அந்த நேரத்தில் ஊமை.

செயற்கைக்கோள் எட்டாத இடத்துக்கு ஒளியிழை தரும் முதல் விடை, வண்டி திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல்மானி. சுழலும் வளையத்தில் எதிரெதிர்த் திசைகளில் செலுத்தப்படும் இரு ஒளிக்கற்றைகள் ஒரே நேரத்தில் திரும்பி வருவதில்லை என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் சான்யாக் 1913-ல் காட்டினார். அந்த வளையத்தை நீண்ட கண்ணாடி இழையின் சுருளாக்கியவர்கள் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலியும் ஷார்ட்ஹில்லும், ஆண்டு 1976. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 200 மீட்டர் இழையை 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுருளாகச் சுற்றினால் ஏறத்தாழ 640 சுற்று வரும். நொடிக்கு 10 பாகை வீதம் ஒரு லாரி வளைவில் திரும்பும்போது, 1.55 மைக்ரான் அலைநீள ஒளியில் இரு கற்றைகளுக்கும் இடையே கிடைக்கும் கட்ட வேறுபாடு 2.7 பாகை. இதை எளிதாக அளந்துவிடலாம். அதே சுருளில் பூமியின் தற்சுழற்சி தரும் வேறுபாடு இதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நல்ல சுழல்மானிகள் அதையும் அளக்கின்றன. ஏவுகணையிலும் விமானத்திலும் கப்பலிலும் இழைச் சுழல்மானி நிலைபெற்றுவிட்டது. 1990-களில் ஜப்பானில் சில கார்களின் வழிகாட்டிக் கருவிகளிலும் இடம்பெற்றது. பிறகு சிலிக்கான் சில்லில் செதுக்கிய மலிவான நுண்சுழல்மானிகள் அதைக் கார்களிலிருந்து வெளியேற்றின.

வெளியேற்றியது சரியே. நம் லாரிகள் கொச்சிக்குப் போகும் வழியில் பாலக்காட்டைத் தாண்டிக் குதிரான் சுரங்கப்பாதை வருகிறது. 2021-ல் திறக்கப்பட்டது, நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஒன்றரை நிமிடம் போதும். மணிக்கு 100 பாகை பிசகும் மட்டமான நுண்சுழல்மானிகூட அந்த நேரத்தில் இரண்டரை பாகைதான் தவறும். பக்கவாட்டுப் பிழை 22 மீட்டர் அளவில் நிற்கும். சுரங்கத்துக்குள் வேறு சாலை கிடையாது. சக்கரச் சுற்றை எண்ணி நிலப்படத்தோடு பொருத்தினால் அந்தப் பிழையும் மறைந்துவிடும். விலை கூடிய இழைச் சுழல்மானியை இதற்காக டேங்கர்காரர் தலையில் கட்டுவதற்கு நியாயமே இல்லை.

ஒளியிழையின் பெரிய வரம் வேறொன்று: இழை தன் நீளம் முழுவதும் உணரியாக இயங்கும். இதன் வேர் நமக்கு மிக அருகில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் கண்ணாடி இழைக்குள்ளும் நிகழ்கிறது. சிதறித் திரும்பும் ஒளியில், அனுப்பியதைவிடக் குறுகிய அலைநீளம் கொண்ட பகுதி வெப்பத்தோடு கூடுகிறது. நீண்ட அலைநீளப் பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. இரண்டின் விகிதத்தையும் திரும்ப எடுத்த நேரத்தையும் அளந்தால் இழையின் எந்த இடத்தில் என்ன வெப்பம் என்று சொல்லிவிடலாம். 1985-ல் செய்துகாட்டப்பட்ட இந்த முறை, இன்று சுரங்கப்பாதைகளில் தீயைக் கண்டறியப் பல நாடுகளில் பயன்படுகிறது. எரிவாயு வண்டிகள் சுரங்கத்தைக் கடக்கும் சாலைக்கு இது அவசியம்.

ஆனால் சேலம் பக்கத்துச் சாலைக்கு மிகவும் தேவைப்படுவது அதிர்வை உணரும் முறைதான். ஓர் ஒளித்துடிப்பை இழைக்குள் அனுப்பினால், கண்ணாடியின் நுண்ணிய சீரின்மைகளில் பட்டு அதே அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு திரும்பி வரும். இழைக்கு மேலே மண் அதிர்ந்தால் அந்த ஒளியின் கட்டம் மாறும். துடிப்பின் நீளம் 100 நானோநொடி என்றால் 10 மீட்டருக்கு ஓர் அளவீடு கிடைக்கும். 50 கிலோமீட்டர் இழையில் ஒளி போய்த் திரும்ப அரை மில்லிநொடி ஆவதால், நொடிக்கு 2,000 முறை வரை கேட்கலாம். ஒரு முனையில் ஒரே ஒரு கருவி. வழியெங்கும் ஐயாயிரம் செவிகள்.

இதைத் தொப்பூரில் வைத்துப் பார்க்க வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி 44 இறங்கும் அந்தக் கணவாயில், இரட்டைப் பாலத்தை ஒட்டி எத்தனை உயிர்கள் போயின என்பதை இப்பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், விடாமல் மிதித்த பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் அங்கே திரும்பத் திரும்ப நடக்கின்றன. புதைந்த இழை எடுக்கும் பதிவில் ஒவ்வொரு வண்டியும் தூரத்துக்கும் நேரத்துக்குமான படத்தில் ஒரு சாய்கோடாக விழும். வேகம் கூடக் கூடக் கோட்டின் சாய்வு மாறும். கனமான ஒரு லாரி இறக்கத்தில் வேகம் எடுத்துக்கொண்டே போகிறது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். கீழே உள்ள மின்பலகையில் எச்சரிக்கை எரியவும், பின்னால் வரும் வண்டிகளை மேலேயே நிறுத்தவும் அந்த அவகாசம் உதவும். எந்த வண்டியிலும் எதையும் பொருத்த வேண்டாம். இருபது வருடப் பழைய லாரியையும் இழை கேட்கும்.

இது வெறும் கற்பனை அல்ல. வடகிழக்கு எல்லைப்புற ரயில்வே, தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் தொலைத்தொடர்பு இழையைக் கொண்டே யானையின் காலடியைக் கண்டறிந்து ரயிலை எச்சரிக்கும் முறையை 2022-ல் அலிப்பூர்துவார் கோட்டத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ரயில்வே அதைக் கஜராஜ் என்ற பெயரில் விரிவாக்குவதாக அறிவித்தது. யானையின் நடையை உணர முடிந்த இழைக்கு நாற்பது டன் லாரியை உணர்வது பெரிய காரியமா?

தடைகள் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் இழைக்கு அதிர்வு மங்கித்தான் எட்டும். கணவாயின் பாறையும் மண்ணும் மாறும் இடமெல்லாம் அளவீட்டைத் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். இரு திசை வண்டிகளின் அதிர்வும் ஒன்றோடொன்று கலக்கும். பிரித்தெடுக்கக் கணினிப் பயிற்சி தேவை. எந்த லாரி என்று இழை சொல்லாது. இந்தக் கடைசிக் குறையை நான் குறையாகவே எண்ணவில்லை. விபத்தைத் தடுக்கப் பதிவெண் எதற்கு? ஓட்டுநரின் ஒவ்வோர் அசைவும் யாரோ ஒருவர் கையில் பதிவாவதைவிட இது மேலானது.

லாரியிலேயே இழை இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்: எரிவாயு டேங்கரின் உருளை. இழைக்குள் பதித்த, குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பும் பிராக் கீற்றணி, வெப்பம் ஒரு பாகை ஏறினால் திருப்பும் ஒளியின் அலைநீளத்தைச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்த்தும். உலோகம் விரிந்தாலும் நகர்த்தும். உருளையின் மேல் மின்சாரம் ஓடாததால் அங்கே தீப்பொறிக்கு இடமில்லை. பாடி கட்டும்போதே பொருத்தலாம். அதற்கான செலவில் எண்ணெய் நிறுவனங்களும் பங்கேற்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023-ல் 10,000 கிலோமீட்டர் சாலையோரம் ஒளியிழை பதிக்கத் திட்டம் அறிவித்தது. முன்னோடியாகத் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று, 512 கிலோமீட்டர் நீளமுள்ள ஐதராபாத்–பெங்களூரு தடம். அது இதே 44-தான். அந்தத் தடம் பெங்களூருவோடு நின்றுவிடாமல் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல் என்று நீள வேண்டும். பதிக்கும் வடத்தில் ஓர் இழையை உணரிக்கென்றே காலியாக ஒதுக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கணவாய்ப் பகுதியில் மட்டுமாவது அந்த இழையைக் குழாயில் விடாமல் மண்ணோடு இறுக்கிப் புதைக்க வேண்டும். இந்தச் சாலையில் ஓடும் வண்டிகள் சுங்கம் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பணத்திலிருந்தே இதைச் செய்யுமாறு லாரி உரிமையாளர் சங்கங்களும், சேலம், நாமக்கல், தர்மபுரி மக்களவை உறுப்பினர்களும் ஆணையத்திடம் கேட்க வேண்டும்.