பண்டத்தரிப்புப் பகுதியில் கலைக்கு வாய்த்த பொதுப்பணம்: ஒரு சரித்திர நோக்கு

வலிகாமத்தின் மேற்கு ஊர்களில் கூத்தொன்று களரியேறுவதற்கு வேண்டிய பொருளை நெடுங்காலம் அரசாங்கம் தந்ததில்லை, ஊரே தந்தது. அண்ணாவியாரை அழைத்துக் கொப்பி கொடுத்து, மாதக்கணக்காக இராப்பொழுதிற் பழகி, வெள்ளுடுப்பில் ஒருமுறை ஆடிப் பார்த்து, உடுப்புக்கும் மத்தளத்துக்கும் வெளிச்சத்துக்கும் வீடு வீடாகத் தண்டிய பணத்தைக் கொண்டே, அம்மன் கோயில் முன்றிலிற் காத்தவராயன் கூத்தும், சில்லாலை, இளவாலை முதலிய கத்தோலிக்க ஊர்களில் அர்ச்சிஷ்டர் சரித்திரக் கூத்துகளும் நடந்தேறின.

ஆட்சியாளர் கலைமுயற்சியைத் தூண்டிய பழைய திருட்டாந்தம் ஒன்று பண்டத்தரிப்பின் அயலிலேயே உண்டு. மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை 1736ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோட்கிணங்க இயற்றினார். ஆயினும் அது தனியொருவரின் பிரியத்தில் தங்கியிருந்த ஆதரவேயன்றிச் சட்டத்தில் வேரூன்றியதன்று.

சட்டத்தின் வழிவந்த ஆதரவு 1952இல் இலங்கைக் கலைக்கழகம் ஸ்தாபிக்கப்பட்டபோதே உதயமாயிற்று. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை பூண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், தெல்லிப்பழையிற் பிறந்தவராதலின், கிராமத்து அண்ணாவிமாரின் அருமையை அறிந்தவர். அவர்களை மாநாடுகளிற் கூட்டிக் கௌரவித்ததோடு, ஏடுகளிலும் கொப்பிகளிலும் மறைந்துகிடந்த நாடகங்களை அச்சேற்றவும் முனைந்தார். 1962இல் வெளிவந்த அலங்காரரூபன் நாடகம் அம்முயற்சியின் பலன். சிறுதொகையாயினும் தகுந்த கையிற் சேர்ந்த பொதுப்பணம் எத்துணைப் பெரிய காரியத்தைச் சாதிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எமக்கு வேண்டுவதில்லை. கிராம சபைகளோ வீதி, கிணறு, சந்தை, வாசிகசாலை என்பவற்றிலேயே பெரும்பாலும் கருத்தூன்றின.

1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. யுத்தத்தின் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் 1998 வரை தாமதித்தது. இன்று பண்டத்தரிப்பு வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள்ளும், சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்திலும் அடங்குவது. சபை மக்கள் தெரிவு. செயலகம் மத்திய அரசின் கிளை. சபையிற் பதிந்த சனசமூக நிலையங்கள் மூலமாகப் பத்திரிகைக்கும் தளபாடத்துக்கும் கிடைக்கும் சகாயத்தில் ஒரு பகுதி கலைவிழாக்களுக்கும் மறைமுகமாகத் துணைபுரிகின்றது. செயலகத்தைச் சார்ந்த கலாசாரப் பேரவை விழாவெடுத்து, மலர் வெளியிட்டு, மூத்த கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துகின்றது. கலாபூஷணம் என்னும் அரச விருதும் அறுபது வயது கடந்தோருக்கே உரியது.

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் முதுமையிற் சூட்டும் கௌரவம் வேறு, தொழிற்படும் பருவத்துப் போஷணை வேறு. முப்பது வயதில் மத்தளம் பழகும் இளைஞனுக்கும், வார்த்தோலுக்கும் ஒப்பனைக்கும் பணமின்றி நாடகத்தை ஒத்திவைக்கும் மன்றத்துக்கும் எந்த விருதும் உதவாது. 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் யுத்தகாலத்திலும் அரங்கை அணையாது காத்ததற்கு அதன் அங்கத்தவரின் அர்ப்பணிப்பே பேராதாரம். அத்தகைய உறுதி ஒவ்வொரு கிராமக் குழுவுக்கும் வாய்க்குமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆந் திகதித் தேர்தல் வரை உத்தியோகத்தரே அவற்றை நிர்வகித்தனர். மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் அமர்ந்திருக்கும் இவ்வேளையில், வருடாந்த வரவு செலவுத் திட்டத்திற் கலைக்கென ஒரு தனித் தலைப்பை ஒதுக்கி, அண்ணாவிமாருக்குப் பயிற்சிச் சம்பளமும், கொப்பிகளைப் பிரதிசெய்து காப்பதற்கான செலவும் அதிற் சேர்த்தல் அவர்களால் இயலும்.