காலியாகத் திரும்பிய லாரிகள்

தில்லி காரி பாவ்லிச் சந்தையில் ஆப்கன் பெருங்காயமும் உலர் திராட்சையும் தலைமுறைகளாக விற்பனையாகின்றன. 'உவர்நீர்ப் படிக்கிணறு' என்பது அப்பெயரின் பொருள். கிணறு மறைந்துவிட்டது, பெயர் நிலைத்தது.

கடலற்ற ஆப்கானிஸ்தானுக்கு இச்சந்தையை எட்டும் நேர்வழி கைபர் கணவாய், பெஷாவர், லாகூர் வழிச் சாலையே. 1947இல் அதன் குறுக்கே எல்லை விழுந்தது. ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் 2010இல் செய்துகொண்ட இடைவழி வணிக உடன்படிக்கை ஆப்கன் லாரிகளை வாகா வரை அனுமதித்தது. ஆனால் அங்குச் சரக்கை இறக்கிய லாரி இந்தியப் பொருளை ஏற்றித் திரும்ப இயலாது. அவ்வெற்றுப் பயணத்தின் செலவையும் பழத்தின் விலையே சுமக்க வேண்டும். இடைவழி உரிமை பற்றிய ஆய்வுகளில் கவனம் பெற வேண்டியது இந்தக் காலி லாரிதான். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைகூடக் கடலற்ற நாடுகளின் இடைவழி உரிமையை ஏற்றுவிட்டு, அதன் நிபந்தனைகளை அண்டை நாடுகளுடனான பேச்சுவார்த்தைக்கே விட்டுவிட்டது.

2017 ஜூனில் காபூல்–தில்லி வான்வழிச் சரக்குத் தடம் திறக்கப்பட்டது. காபூலிலிருந்து வந்த முதல் விமானத்தின் சுமை ஏறத்தாழ 60 டன்; பெரும்பகுதி பெருங்காயம். சாலையில் வர வேண்டிய பண்டம் வானேறியது விந்தைதான். 2025 ஏப்ரலில் அட்டாரி எல்லையும் மூடப்பட்டபோது, உலர்பழம் ஏற்றிய ஆப்கன் லாரிகள் பாகிஸ்தானிலேயே சிக்கி நின்றன.