நீராவிச் சூடேற்றம் (பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில்)

நிலவறைக் கொதிகலனில் தண்ணீரைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்கு அனுப்பிக் குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைக்கும் முறை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 1930-கள் வரை வட அமெரிக்க நகரங்களில், எல்லாவற்றுக்கும் மேலாக நியூயார்க்கில், மாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் இம்முறையை நம்பியே கட்டப்பட்டன. அவற்றில் பல இன்றும் அதே குழாய்களுடன் இயங்குகின்றன. அடிப்படை வடிவில் இதற்குப் பம்பு தேவையில்லை. ஆவி தன் அழுத்தத்தால் மேலே ஏறும். வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகித் தன் எடையால் கீழே வந்து சேரும்.

அடிப்படை

இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் படும் ஆவி, கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும். ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்க 100 கிலோ கலோரி போதும். அதையே ஆவியாக்க மேலும் ஏறக்குறைய 540 கிலோ கலோரி வேண்டும். இந்த உள்ளுறை வெப்பம் முழுவதையும், ரேடியேட்டரின் குளிர்ந்த உட்சுவரில் பட்டுத் தண்ணீராகும்போது ஆவி கொட்டிவிடுகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். திரும்பத் தண்ணீரானால் அந்த அளவுக்குச் சுருங்கும். சுருங்கிய இடத்தை நோக்கிப் பின்னால் உள்ள ஆவி தானே பாய்கிறது. அதனால் பெரிய அழுத்தம் தேவைப்படுவதில்லை. குக்கர் விசில் அடிப்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தத்தில். 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 2 பவுண்டுக்கும் குறைவாகவே போதுகிறது.

வரலாறு

சமையலறையில் காய்ச்சிய ஆவியைக் குழாய் வழியே வீடு முழுவதும் அனுப்பலாம் என்று 1745-இல் இங்கிலாந்தின் வில்லியம் குக் என்பவர் படம் வரைந்து, ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். வரைந்ததோடு சரி. ஜேம்ஸ் வாட் 1784-இல் தம் எழுத்தறையை ஆவியால் சூடாக்கிப் பார்த்தார். எந்திரத்தில் ஆவியை வேலை வாங்கியவர் அறைச்சூட்டில் அதிக நாட்டம் காட்டவில்லை. உண்மையான பயன்பாடு பஞ்சாலைகளில் தொடங்கியது. பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்தில் அடுப்பு வைப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிவது போன்றது. 1799-இல் ஸ்காட்லாந்தில் நீல் ஸ்னாட்கிராஸ் ஒரு பஞ்சாலையை ஆவியால் சூடாக்கியதும் மற்ற ஆலை முதலாளிகளும் பின்தொடர்ந்தனர்.

அமெரிக்காவுக்கு இக்கலையைக் கொண்டுசென்றவர் ஜோசப் நேசன். லண்டனில் வெந்நீர்க் குழாய்ச் சூடேற்றத்தை வளர்த்த ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸிடம் வேலை கற்றுத் திரும்பிய அவர், 1840-களில் ஜேம்ஸ் வால்வொர்த்துடன் சேர்ந்து சிறு விட்டமுள்ள இரும்புக் குழாய்களில் ஆவியைச் செலுத்தும் தொழிலைத் தொடங்கினார். அன்று மக்களுக்குக் கொதிகலன் என்றாலே கிலி. ஆற்றுக் கப்பல்களில் அவை வெடிக்காத ஆண்டு இல்லை. கனெக்டிகட்டைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்ட் 1854-இல் காப்புரிமை பெற்ற குறைந்த அழுத்த அமைப்புதான், கொதிகலனை வீட்டுக்குள் விடலாம் என்ற துணிச்சலைத் தந்தது. இரண்டு இரும்புத் தகடுகளை மெத்தை போல ஆங்காங்கே குழித்து இணைத்திருந்ததால் அவருடைய கருவிக்கு ‘மெத்தை ரேடியேட்டர்’ என்று பெயர் வந்தது.

வார்ப்பிரும்பு ரேடியேட்டரைக் கண்டுபிடித்தவராகப் பெரும்பாலும் கருதப்படுபவர் ஃபிரான்ட்ஸ் சான் கல்லி. பிரஷ்யாவின் ஸ்டெட்டினில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வார்ப்பாலை நடத்திய இவர், 1850-களின் நடுவில் தடித்த வார்ப்பிரும்புக் குழாய்களை வரிசையாகக் கோத்து ஒரு ‘சூட்டுப் பெட்டி’யை உருவாக்கினார். அவருடையது வெந்நீருக்கானது. அமெரிக்கர்கள் செய்தது மேம்பாடு: 1863-இல் நேசனும் ராபர்ட் பிரிக்ஸும் வார்ப்பிரும்பு அடித்தட்டில் இரும்புக் குழாய்களைச் செங்குத்தாகத் திருகிப் பொருத்தினர், 1872-இல் நெல்சன் பண்டி வளைய வடிவ வார்ப்பிரும்புத் துண்டுகளைக் கொண்டுவந்தார். பிறகு வந்தவை எல்லாம் துண்டு துண்டாக வார்த்து வேண்டிய நீளத்துக்குக் கோத்துக்கொள்ளும் வகை. 1892-இல் பல வார்ப்பாலைகள் இணைந்து அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி ஆயின. அந்தக் கம்பெனி 1924-இல் மன்ஹாட்டனின் பிரையன்ட் பூங்கா எதிரில் எழுப்பிய கட்டடத்துக்குக் கட்டடக்கலைஞர் ரேமண்ட் ஹூட் கருப்புச் செங்கலும் உச்சியில் பொன்னிறமும் தந்தார். அந்தியில் பார்த்தால் உச்சி கனன்றுகொண்டிருக்கும் நிலக்கரித் துண்டு போலிருக்கும். கொதிகலன் விற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் கிடையாது.

நகரத்துக்கே ஒரு கொதிகலன் என்ற எண்ணம் பேர்ட்சில் ஹாலிக்கு உரியது. 1877-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊரில் தெருவடியில் குழாய் பதித்துப் பல வீடுகளுக்கு அவர் ஆவி வழங்கினார். அதைப் பின்பற்றி நியூயார்க் ஸ்டீம் கம்பெனி 1882 மார்ச் 3 அன்று கீழ் மன்ஹாட்டனில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு முதல் இணைப்பைக் கொடுத்தது. எடிசனின் பெர்ல் தெரு மின்நிலையம் அதற்கு ஆறு மாதம் கழித்தே செப்டம்பரில் விளக்கேற்றியது. அந்த ஆவி வலையமைப்பு 1950-களில் கான் எடிசன் என்ற மின்நிறுவனத்தின் கைக்கு வந்தது. மன்ஹாட்டனில் 96-ஆம் தெருவுக்குத் தெற்கே பல பெரிய கட்டடங்கள் சொந்தக் கொதிகலன் இன்றி இதையே வாங்குகின்றன.

பழைய ரேடியேட்டர்கள் அறைக்கு மிஞ்சிய அளவில் இருப்பதற்குக் காரணம் சுத்தக் காற்று இயக்கம். அடைத்த அறையின் ‘கெட்ட காற்று’ நோயைத் தரும் என்று 1860-களிலிருந்து லூயிஸ் லீட்ஸ் போன்றோர் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தனர். 1918-இன் விஷக்காய்ச்சல் அந்த அச்சத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. கடுங்குளிரிலும் சன்னலைத் திறந்துவைத்தபடி அறை சூடாக இருக்கவேண்டும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். ஜனவரி மாதத்தில் உள்ளே பனியனோடு உட்கார்ந்துகொண்டு சன்னலைத் திறந்துவைக்கும் நியூயார்க்வாசி, அறிந்தோ அறியாமலோ அந்தக் கணக்கின்படியே நடக்கிறார்.

வகைகள்

ரேடியேட்டரோடு சேரும் குழாய்களை எண்ணினாலே வகை தெரிந்துவிடும்.

ஒற்றைக் குழாய் முறையில் ஆவி ஏறுவதும் தண்ணீர் இறங்குவதும் ஒரே குழாயில்தான். ஒரு முனையில் வால்வு. எதிர்முனையில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு காற்றுப்போக்கி, பிளம்பர்கள் ‘வென்ட்’ என்பார்கள். தண்ணீர் வால்வுப் பக்கம் வடியும்படி ரேடியேட்டர் லேசாகச் சாய்ந்திருக்கவேண்டும். வால்வை முழுவதும் திறக்கலாம் அல்லது முழுவதும் மூடலாம், நடுநிலை கிடையாது. பாதி திறந்தால் ஆவி உள்ளே நுழையும், தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கும். கட்டுவதற்கு மலிவு, கெட்டுப்போக உறுப்புகள் குறைவு. நடுத்தரக் குடியிருப்புகள் பலவும் இவ்வகையே.

இரட்டைக் குழாய் முறையில் ஆவி வர ஒன்று, தண்ணீர் திரும்ப மற்றொன்று. திரும்பும் வாயில் ‘ஸ்டீம் டிராப்’ என்ற கருவி காவல் நிற்கும். தண்ணீரையும் காற்றையும் விட்டுவிட்டு, ஆவி வந்ததும் கதவை அடைப்பது அதன் வேலை. இங்கே வால்வைப் பாதி திறந்து சூட்டை அளவாக வைக்கலாம். இதன் கிளைகள் பல: காற்றை உறிஞ்சி ஆவியை விரைவாக இழுக்கும் வெற்றிட முறை (கேம்டன் நகர வாரன் வெப்ஸ்டர் கம்பெனி இதில் பேர்போனது), மிகக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் ‘வேப்பர்’ முறை முதலியன. ஒற்றைக் குழாய் ரேடியேட்டர்களின் காற்றுப்போக்கிகளைத் தனிச் சிறுகுழாயால் இணைத்து வெற்றிடம் உண்டாக்கும் ‘பால்’ முறையும் ஒருகாலத்தில் இருந்தது; அதன் மெல்லிய குழாய்கள் எதற்கென்று தெரியாமல் பின்னாளில் பலரும் அறுத்தெறிந்தனர்.

பராமரிப்பு

இந்த அமைப்பு எதிர்கொள்ளும் முதல் தடை காற்று. கொதிகலன் அணைந்ததும் ஆவி சுருங்கிக் குழாய்களுக்குள் வெளிக்காற்று புகுந்துவிடும். அடுத்த முறை மூட்டும்போது அந்தக் காற்று வெளியேறினால்தான் ஆவிக்கு இடம். நிலக்கரிக் காலத்தில் நெருப்பு நாள் முழுக்க நின்று எரிந்ததால் காற்று மெல்லப் போனாலும் குறைவில்லை. எண்ணெய், எரிவாயு எரிப்பான்கள் வந்தபின் கொதிகலன் நாளில் பலமுறை எரிந்து அணைகிறது. ஒவ்வொரு முறையும் காற்றை விரட்டியாகவேண்டும். குழாய்கள் பழையபடியே இருக்க, நெருப்பு மட்டும் மாறிவிட்டது. இன்றைய புகார்களில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்புபவை.

அதிகாலையில் ஒரு ரேடியேட்டரின் அருகே உட்கார்ந்தால் நடப்பது எல்லாம் காதில் விழும். முதலில் காற்றுப்போக்கியில் மெல்லிய சீறல்: காற்று போகிறது. வால்வுப் பக்கத்து இரும்பு சுடத் தொடங்கி, சூடு ஒவ்வொரு துண்டாக நகரும். விரிகின்ற இரும்பு ‘டிக் டிக்’ என்னும். ஆவி கடைசித் துண்டை எட்டியதும் காற்றுப்போக்கிக்குள் இருக்கும் சிறு மிதவை மேலெழுந்து துளையை அடைக்க, சீறல் நின்றுவிடும். சீறல் நிற்கவே இல்லை என்றாலும், தண்ணீர் துப்பினாலும் காற்றுப்போக்கியை மாற்றவேண்டும். சீறலே இல்லாமல் ரேடியேட்டர் குளிர்ந்து கிடந்தால் துளை அடைத்திருக்கிறது. வண்ணம் பூசும்போது காற்றுப்போக்கிக்கும் சேர்த்துப் பூசிவிடுவது இதற்கு அடிக்கடி காணும் காரணம்.

‘டமார் டமார்’ என்று சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை வேறு. குழாயில் தேங்கிய தண்ணீரை ஆவி தூக்கி வளைவில் மோதுவதால் வருவது. கட்டடம் அமர்ந்து தரை தாழ்ந்ததில் ரேடியேட்டரின் சாய்வு கெட்டிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை மேலே வைத்தால் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். காற்றுப்போக்கி உள்ள முனையைக் கடப்பாரையால் சற்றே நெம்பி, காலின்கீழ் ஆப்பு வைத்தால் ஓசை அடங்கிவிடும். இதற்கு அமெரிக்காவில் செக்கர்ஸ் ஆட்டக் காய்களைச் செருகுவதும் உண்டு; கனம் சரியாக இருக்கிறது, நழுவுவதில்லை.

மேல்மாடியில் சூடு வரவில்லை என்று குடியிருப்பவர் முறையிட்டதும், ‘சூப்பர்’ எனப்படும் கட்டடக் கண்காணிப்பாளர் செய்யும் முதல் தவறு அழுத்தத்தைக் கூட்டுவது. ஆவியின் அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால், தன் எடையால் கொதிகலனுக்குத் திரும்பவேண்டிய தண்ணீர் குழாயில் 28 அங்குலம் உயர்ந்து நிற்கும். தாழ்வான குழாய்களில் தேங்கி ஓசையைப் பெருக்கும். எரிபொருளும் வீண். செய்யவேண்டியது, நிலவறையின் பிரதானக் குழாய்க் கடைசியில் பெரிய காற்றுப்போக்கிகளைப் பொருத்துவது. அத்துடன் கொதிகலனுக்கு எட்ட உள்ள அறைகளில் வேகமானவற்றையும், கிட்ட உள்ளவற்றில் மெதுவானவற்றையும் வைத்தால் சூடு எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேரும்.

கொதிகலனில் தினமும் பார்க்கவேண்டியது நீர்மட்டக் கண்ணாடி. அதில் தண்ணீர் ஏறியும் இறங்கியும் துள்ளினால் மேற்பரப்பில் எண்ணெய் படர்ந்திருக்கிறது. அதை மெதுவாக வழித்து வெளியேற்றவேண்டும். நீர் குறைந்தால் எரிப்பானை நிறுத்தும் மிதவைக் கருவியில் சேறு சேரும். சூடேற்றும் பருவத்தில் வாரம் ஒருமுறை அதைத் திறந்துவிட்டுக் கழுவுவது வழக்கம். இந்த ஒரு வேலையைத் தட்டிக்கழித்தால் கொதிகலன் வறண்டு வெடிப்பு விடும். அடிக்கடி புதுத் தண்ணீர் சேர்க்கவேண்டி வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. தரைக்கடியில் புதைந்த திரும்புகுழாயையே முதலில் சந்தேகிக்கவேண்டும். புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் இரும்பைத் தின்றுவிடும். திரும்புகுழாய் உடைந்தாலும் கொதிகலன் காலியாகாதபடி காக்கும் குழாய் வளைவுக்கு ‘ஹார்ட்ஃபோர்டு வளையம்’ என்று பெயர். அதை 1919 வாக்கில் பரப்பியது ஹார்ட்ஃபோர்டின் கொதிகலன் காப்பீட்டுக் கம்பெனி. நட்டம் கட்டுபவருக்குத்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

அலுமினியம் அல்லது வெண்கலப் பொடி கலந்த வண்ணம் ரேடியேட்டரின் கதிர்வீச்சைக் குறைக்கும். சுரண்டத் தேவையில்லை, மேலே சாதாரண வண்ணம் ஒரு பூச்சு போதும். பழைய குழாய் உறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உரிமம் பெற்றவர் தவிர யாரும் தொடக்கூடாது. உள்ளே ஆவி இருக்கும்போது வால்வையோ காற்றுப்போக்கியையோ குடியிருப்பவர் கழற்றுவது உயிராபத்து. 2016 டிசம்பரில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு வீட்டு ரேடியேட்டரிலிருந்து பீறிட்ட ஆவியில் இரண்டு சிறுமிகள் இறந்தனர்.

மறைந்துவந்த இந்தக் கைவேலையறிவைப் பழைய கைநூல்களிலிருந்து திரட்டி, டான் ஹோலஹன் 1992-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக்கினார். பிளம்பர்கள் இன்றும் அதையே புரட்டுகிறார்கள்.

சட்டமும் இன்றைய நிலையும்

நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை சூடேற்றும் பருவம். காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (13 செல்சியஸ்) குறைந்தால் உள்ளே 68 (20 செல்சியஸ்) இருக்கவேண்டும். இரவில் வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 62. குறைந்தால் 311 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2019-இல் நிறைவேறிய 97-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரிம உமிழ்வுக்கு 2024 முதல் உச்சவரம்பு விதித்துள்ளதால், சில கட்டடங்களில் வெப்ப பம்புகள் வந்துகொண்டிருக்கின்றன.